இடம் மாறிய இண்டிகா

சேலம் மாம்பழம், மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு என்று சொல்லும்போதே அந்தச் சரக்குக்கு ஊர் ஜாமீன் நிற்கிறது. கஞ்சா வகைகளின் பெயர்களும் இப்படித்தான் தொடங்கின. மெக்சிகோவின் கடற்கரை நகரம் கொடுத்த பெயர் அகாபுல்கோ கோல்டு. தென்னாப்பிரிக்கத் துறைமுகம் கொடுத்தது டர்பன் பாய்சன். ஆப்கானிஸ்தான் பக்கத்து மலைத்தொடரின் பெயரில் வந்தது ஹிந்து குஷ். நாளடைவில் ‘ஹிந்து’ உதிர்ந்து வெறும் ‘குஷ்’ ஆயிற்று. கேரளத்தின் இடுக்கி மலைச்சரக்குக்கு இடுக்கி கோல்டு என்று பெயர். 2013இல் அந்தப் பெயரிலேயே ஒரு மலையாளப் படம் வந்தது. விளைந்த ஊரும் கண்ணில் படும் நிறமும் போதுமென்று இருந்த காலத்துப் பெயர்கள் இவை.

இவற்றுக்கெல்லாம் மேலே, குடும்பப் பெயர்போல, இரண்டு லத்தீன் சொற்கள் நிற்கின்றன: சட்டைவா, இண்டிகா. கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கும் நாடுகளில் புட்டியின் மேல் இரண்டில் ஒன்று இருக்கும். இரண்டும் கலந்ததென்றால் ‘ஹைப்ரிட்’ என்று போடுவார்கள். இதில் ‘இண்டிகா’வுக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாகவே இருந்தது. ‘இந்தியாவுக்குரியது’ என்று பொருள்படும் அந்தச் சொல், இன்று கடையில் இந்தியச் செடியைக் குறிப்பதில்லை.

முதலில் சட்டைவாவைப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் நெல்லுக்கு ‘ஒரைசா சட்டைவா’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பழகிய சொல்தான். லத்தீனில் ‘விதைத்து வளர்ப்பது’ என்று பொருள். தாவரங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் நெல், கொத்தமல்லி, வெள்ளரி, பூண்டு எல்லாவற்றுக்கும் பால் விகுதி மட்டும் மாறி இந்த அடைமொழி வருகிறது. ஐரோப்பிய விவசாயி கயிற்றுக்கும் பாய்மரத் துணிக்கும் நாரெடுக்க விதைத்த, கஞ்சா இனத்துச் சணல் செடி அவர் கண்முன் இருந்தது. அதற்குக் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று எழுதினார். போதைக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1785இல், பிரான்சில் தாவரவியலாளர் லமார்க் இந்தியாவிலிருந்து வந்த ஒரு செடியைப் பற்றி எழுதினார். அனுப்பியவர் பியர் சோனரா. புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். ஐரோப்பியச் சணலோடு ஒப்பிட்ட லமார்க்குக்கு வேறுபாடு உடனே தெரிந்தது. தண்டு கெட்டி, பட்டை மெல்லிசு, ஆகவே நாருக்கு உதவாது. இலைவிரல்கள் மிக ஒடுக்கம். இதன் குணம் மயக்கம் தருவதில்தான் இருக்கிறது என்றும் எழுதிவைத்தார். ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று அவர் பெயரிட்டது இந்த ஒல்லியான, ஒடுங்கிய இலைச் செடிக்குத்தான்.

அடுத்த திருப்பம் 1970களில், அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி அங்கே கட்டுப்பாட்டுக்குள் வந்த தாவரத்தின் பெயர் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்றே எழுதப்பட்டிருந்தது. வழக்கறிஞர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். என் கட்சிக்காரரிடம் பிடிபட்டது சட்டைவாவா, இண்டிகாவா? காய்ந்து தூளான இலையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு தரப்பிலும் தாவரவியலாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். ஒரே இனம் என்றார் எர்னஸ்ட் ஸ்மால். ஒன்றுக்கு மேல் உண்டு என்றார் ஹார்வர்டின் ரிச்சர்ட் எவன்ஸ் ஷல்டீஸ். ஷல்டீஸ் ஆப்கானிஸ்தானுக்கே போய், காந்தகார் பக்கம் வயல்களில் குட்டையாக, புதர்போல் அடர்ந்து, அகன்ற இலையோடு நின்ற செடிகளைப் பார்த்தவர். 1974இல் எழுதிய கட்டுரையில் அவற்றை இண்டிகா என்ற பெயருக்குள் சேர்த்தார்.

பெயர் கைமாறிய இடம் அதுதான். அதே ஆண்டுகளில் ஆப்கன் விதை கலிபோர்னியாவுக்கும், பிறகு நெதர்லாந்துக்கும் போயிற்று. குட்டையாக அகன்ற இலையோடு இருந்தால் இண்டிகா, ஒல்லியாக உயர்ந்து வளர்ந்தால் சட்டைவா என்று வளர்ப்பவர்கள் பேசத் தொடங்கினார்கள். லமார்க் எந்தச் செடியை இண்டிகா என்றாரோ, அதன் வழிவந்த தென்னிந்தியச் செடி கடைமொழியில் சட்டைவா ஆகிவிட்டது.

இந்தச் செடியின் பெயர்கள் தலைகீழாவது புதிதும் இல்லை. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. நம் பனையேறிகள் ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் பிசகாமல் சொல்வார்கள். பழைய ஆங்கில விவசாயிகளோ மெலிந்த ஆண் சணலைப் பெண் என்றும், தடித்து விதை பிடித்த பெண் செடியை ஆண் என்றும் அழைத்துவந்தார்கள்.

ஆண் பெண் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வங்காளத்தில் இருந்தார்கள். ஆங்கிலேய அரசு 1893இல் அமைத்த சணல் போதைப்பொருள் ஆணையம் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. இன்றைய வங்கதேசத்து நவுகாவ் வயல்களுக்குப் பூக்கும் பருவத்தில் பரக்தார் வருவார். சோதித்துப் பார்ப்பவர் என்று பொருள்; கஞ்சா டாக்டர் என்றும் சொல்வார்கள். வரிசை வரிசையாக நடந்து, கணுவில் அரும்பு கட்டும்போதே ஆணை அடையாளம் கண்டு கழித்துக்கட்டுவார். ஆண் போய்விட்டால் மகரந்தம் இல்லை. பெண் பூ விதை பிடிக்காமல் பிசினாகத் திரளும். அந்தப் பூவுக்குத்தான் கஞ்சா என்று பெயர். மிதித்துத் தட்டையாக்கினால் ‘சப்டா’, உருட்டினால் ‘கோல்’. செய்நேர்த்தியே வகையின் பெயர். நம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலும் கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிதான். தனி இலையும் விதையும் அதில் சேராது. இதே வித்தையை மெக்சிகோக்காரர்கள் ‘சின் செமியா’, அதாவது விதையில்லாமல், என்றார்கள். அமெரிக்காவில் அது ‘சின்செமியா’ என்ற ஒரே சொல்லாகி உயர்ந்த சரக்குக்குப் பெயராயிற்று.

கஞ்சாவைத் தடைசெய்த காலத்தில் பெயர்களின் கட்டு அவிழ்ந்தது. பதிவேடு கிடையாது, விதையும் ஒட்டுத்தண்டும் இருட்டில் கைமாறின, பெயர் வாயால் பரவியது. முகர்ந்து பார்த்து ‘ஸ்கங்க்’ என்றார்கள். பிசின் வெள்ளையாகப் படிந்திருந்தால் ‘வைட் விடோ’. கத்தரிக்கோலில் பசைபோல் ஒட்டியதற்கு ‘கொரில்லா குளூ’ என்று வைக்கப்போக, அதே பெயருள்ள பசை நிறுவனம் 2017இல் வழக்குப் போட்டது. பெயர் ‘ஜிஜி4’ என்று சுருங்கியது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து பொட்டலமாகத் தமிழ்நாட்டுக்கு வருவதில் ஒன்றுக்கு ‘சீலாவதி’ என்று பெயர். ஒழுக்கமுள்ளவள் என்று பொருள்படும் பெண்பெயர். ஊரும் இல்லை, நிறமும் இல்லை.

2015இல் கனடா ஆய்வாளர்கள் பெயர்களை மரபணுவோடு வைத்துப் பார்த்தார்கள். நூறு சதவீதம் சட்டைவா என்று சொல்லப்பட்ட ‘ஜமைக்கன் லாம்ப்ஸ் பிரெட்’ மாதிரி, நூறு சதவீதம் இண்டிகா என்று சொல்லப்பட்ட ஆப்கன் மாதிரியோடு ஏறக்குறைய அச்சாக ஒத்துப்போனது. லாம்ப்ஸ் பிரெட் ஜமைக்காவில் ராஸ்தாபாரி சமயத்தார் போற்றும் பெயர். 1845 முதல் அங்கே போன இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கொண்டுசென்ற ‘கஞ்சா’ என்ற சொல் அந்நாட்டுச் சட்டத்தில் இன்றும் மாறாமல் இருக்கிறது. அந்தச் சொல் பிழைத்தது, கூடப் போன செடிக்கு வைத்த பெயர் பிழைக்கவில்லை.

தாவரவியலாளர்களில் சிலர் இப்போது சட்டைவா, இண்டிகா இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, ‘ஒடுங்கிய இலை வகை’, ‘அகன்ற இலை வகை’ என்றே எழுதுகிறார்கள். லமார்க்கும் அன்று இலையைக் கவனித்தவர்தான்.