தரங்கை ஆலயமும் ஓலைப் பட்டியலும்

காழியிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தெற்கே செல்வோர் தரங்கம்பாடியின் கோட்டை வாயிலைக் கடந்ததும் புதிய எருசலேம் ஆலயத்தைக் காண்பர். முகப்பில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடி சூடிய முத்திரை விளங்கும். கல்வெட்டிலே சடங்கன்பாடி எனப் பெயர் பெற்ற இவ்வூரில், 1620இல் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் கால்கொண்டனர். 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்றனர். முதலில் 1707இல் எழுந்த சிற்றாலயம் 1715இல் கடற்பெருக்கால் அழிந்தது. இப்போதுள்ள ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று படைக்கப்பெற்றது. அதனை எழுப்பிய சீகன்பால்கு அடுத்த பிப்ரவரியிலேயே 36 அகவையில் மறைந்து, அதனுள்ளேயே அடக்கமானார்.

இவர் வரலாற்றை எழுதுவோர் அச்சுப்பொறியையும் 1715இல் நிறைவுற்ற புதிய ஏற்பாட்டுப் பதிப்பையும் போற்றுவர்; போற்றட்டும். இலக்கிய வட்டத்தாராகிய நமக்கோ அதற்கு முந்திய ஓலைக் கதையே உறவு மிக்கது.

1706 சூலை 9 அன்று கரையிறங்கியபோது அவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. எழுபது அகவை கடந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கருடன் அவர் மனைக்கே வந்து கற்பித்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார் அவ்வெள்ளையர். பின்னர் எழுத்தர்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பி ஏடுகள் தொகுத்தார். கணவரை இழந்த பெண்டிரிடம் அவை மிக மலிவாகக் கிடைத்தனவாம். அடுப்பில் உலை வைக்க ஏட்டை விற்ற அப்பெண்டிரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

தொகுத்தவற்றுக்கு 1708இல் ஒரு பட்டியலும் வரைந்தார். தமிழர்தம் நூல்களாக அதில் 119 உள்ளன. தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் எனப் பெயர் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்பும் தந்துள்ளார். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் புறப்படுவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் முன்னர், காவிரிக் கடைமடையில் எவையெவை புழங்கின என்பதற்கு இதனினும் நேரான சான்று அரிது. குறிப்புகளில் சமயக் காழ்ப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் படித்தவன் எழுதிய குறிப்புகள் அவை. அவ்வாண்டே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். அவ்வாண்டின் இறுதியில் டேனிய ஆளுநர் அவரைச் சிறையிலிட, நான்கு திங்கள் உள்ளேயிருந்தார்.

தென்னாட்டுத் தெய்வங்களின் மரபை ஆராய்ந்து 1713இல் அவர் எழுதி முடித்த நூலை ஆல்லே நகரத்துச் சமயத் தலைவர்கள் அச்சேற்ற மறுத்தனர். பிறர் சமயத்தைப் பரப்பவா இவரை அனுப்பினோம் என்பது அவர்தம் சினம். சென்னையில் 1867இல்தான் அந்நூல் வெளிவந்தது.

இவர்தம் சபைக்குத் துறவு மடம் என்னும் அமைப்பு இல்லை. 1760இல் இங்கு வந்த மொரேவிய சகோதரர்களே, தோட்டமும் தொழிலும் பொதுவாய்க் கொண்டு மடம் போன்றதொரு குடியிருப்பை நடத்தினர். தருமை ஆதீனத்தை அறிந்த நம்மவர்க்கு அவ்வாழ்வு விளங்கும். நிக்கோபார்த் தீவுகளுக்குச் சென்று நோயால் மாண்டவர் பலர்; எஞ்சியோர் 1803இல் நீங்கினர்.

இன்னுமொன்று. இவ்வாலயம் படைக்கப்பெற்ற ஆண்டில், அருகிலுள்ள தில்லையாடியில் ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் நம் காழியில் குடியேறி இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரே அவன்.