சீரோடு போன மரப்பாச்சி

ஆணும் பெண்ணுமாக, செம்மரத்தில் செதுக்கிய இணைப் பொம்மைக்கு மரப்பாச்சி என்று பெயர். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். கண்ணும் மூக்கும் நாலைந்து வெட்டுகளில் முடிந்துவிடும். உடை கிடையாது, வாங்கியவர்கள்தாம் துணி கட்டிவிட வேண்டும். திருப்பதிக்குப் போனவர்கள் குழந்தைகளுக்கு வாங்கி வரும் பொருள்களில் இது முக்கியமானது. செம்மரம் மருந்து மரம் என்பதால் குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்று நம்பினார்கள். வீக்கம் கண்டால் அதே பொம்மையைக் கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டார்கள். குழந்தையின் கைப்பொருளான இந்த மரப்பாச்சி, அவள் வளர்ந்து மணமாகிப் போகையில் சீரோடு சேர்ந்து புகுந்த வீட்டுக்கும் போனது. பாட்டியான பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை அவள் கையால் உடுத்திக்கொண்டது.

தமிழில் பொம்மைக்குப் பழைய பெயர் பாவை. கோரையால் செய்த பஞ்சாய்ப் பாவையும், மணலில் வனைந்த வண்டற் பாவையும் சங்கப் பாடல்களில் பலமுறை வருகின்றன. தச்சன் செய்த சிறுதேரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடலும், மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலையும் காட்டுகின்றன. விளையாட்டுப் பொருள்களின் பட்டியலைக் காட்டிலும், விளையாட்டு முடிந்த பிறகு அவை என்ன ஆயின என்று அந்தப் புலவர்கள் கேட்டுக்கொண்டதுதான் வியப்புக்குரியது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய ‘மகட்போக்கிய வழித்தாயிரங்கு பத்து’, காதலனோடு சென்றுவிட்ட மகளை நினைத்து வருந்தும் தாயின் கூற்று. அவள் விட்டுப்போன பாவையைக் கண்டு தாய் கலங்குகிறாள்.

நற்றிணையின் 172ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. சிறுமியர் விளையாடும்போது மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பாலை ஊற்றி வளர்க்கிறார்கள். அந்தப் புன்னை உங்களுக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லி வைக்கிறாள். பின்னாளில் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு நாணமாக இருக்கிறது. விளையாட்டாகத் தொடங்கிய உறவு, வளர்ந்தவளின் வாழ்விலும் உறவாகவே நிற்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலில் பேசுபவர் கிழவர். கோலூன்றி, இருமலுக்கு நடுவே சொற்களை எடுக்கும் அவர், பெண்பிள்ளைகளின் மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், மருத மரக்கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் நினைத்து ஏங்குகிறார். பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சங்கப் பாடல்களில் வளர்ந்தவருக்கு விளையாட்டு பெரும்பாலும் நினைவாக மிஞ்சுகிறது. அதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வழிசெய்தவை பிற்காலத்துச் சடங்குகள். திருமண வீட்டின் நலங்கு அவற்றில் ஒன்று. மணமக்கள் எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டுவார்கள், பூப்பந்து எறிவார்கள், ஒருவர் தலைமேல் மற்றவர் அப்பளம் நொறுக்குவார்கள். வேறு சமூகங்களில் குடத்து நீரில் மோதிரத்தைப் போட்டுத் துழாவி எடுக்கும் போட்டி நடக்கும். மணமக்கள் சிறுவர்களாகவே இருந்த காலத்தில் இவை அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் கூச்சம் தெளியும் வழியாகவும் இருந்திருக்க வேண்டும். மரப்பாச்சி சீரில் சேர்ந்ததையும் அப்படியே புரிந்துகொள்ளலாம். பொம்மையை விட்டுப் பிரியாத வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். பொம்மையும் கூடப் போயிற்று. அது அழகான வழக்கமாகத் தோன்றினாலும், அதன் அடியில் ஒரு குழந்தையின் துயரம் இருக்கிறது. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. 1978இல் அந்த வயது 18 ஆனது. மணப்பெண் குழந்தையாக இருந்த காலம் போனது. பொம்மை மட்டும் சீர்வரிசையில் தங்கிவிட்டது.

மரப்பாச்சிக்கு நிலையான இடம் கொடுத்தது நவராத்திரிக் கொலு. கொலு என்றால் அரசன் வீற்றிருக்கும் அவை. விசயநகரப் பேரரசு நவராத்திரியை மகாநவமி என்ற பெயரில் அரச விழாவாகக் கொண்டாடியது. 1520ஐ ஒட்டி அங்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ் அந்த ஒன்பது நாள் விழாவை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அரண்மனையின் நவராத்திரி, வீட்டுக்குள் பொம்மைகளின் அரசவையாக அமைந்தது. கன்னட நாட்டில் இதைப் ‘பொம்பெ ஹப்ப’ என்பார்கள். அங்கும் மணமகளுக்குப் பெற்றோர் மர இணையைக் கொடுத்தனுப்புவது வழக்கம். ஆந்திரத்துப் பொம்மைக் கொலு சில பகுதிகளில் சங்கராந்தியின்போது வைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் கொலு இருந்ததில்லை. பிராமணர், முதலியார், செட்டியார், பிள்ளை போன்ற சில சமூகத்தாரிடையேதான் அது வேரூன்றியது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டுவார்கள். கலசமும் மரப்பாச்சியும் முதலில் ஏறும். தசாவதாரம், கல்யாணக் கோஷ்டி, முன்னால் அரிசி பருப்புக் குவியலோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் என்று மற்றவை அடுத்தடுத்து வரும். படிக்குக் கீழே தரையில் பூங்கா அமையும்: கண்ணாடித் துண்டு குளமாகும், விதைத்த கேழ்வரகோ கடுகோ முளைத்துப் புல்வெளியாகும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது விதி. பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் பிழைப்பது இந்த விதியால்தான். கொலுவைத் தேவி வழிபாடாக மட்டும் விளக்குபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவள் பொம்மைக்குப் புடவை கட்டி, நகை மாட்டி, பூங்காவுக்கு மண் பரப்பலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள், சுண்டல் வாங்க வந்து பாராட்டிவிட்டே போவார்கள். விளையாட இப்படி அனுமதி கொடுத்த சடங்குகள் தமிழரிடம் அதிகம் இல்லை.

சில உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்கள் பரமபதம் ஆடினார்கள், தாயக்கட்டையும் உருண்டது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழிப் பலகையும் சீரில் போனது. ஆடுபுலி ஆட்டம் ஆண்களுடையது. மூன்று புலி, பதினைந்து ஆடுகளுக்கான கட்டங்களைக் கோயில் மண்டபத் தளங்களில் இன்றும் காணலாம். திருநெல்வேலிப் பக்கம் மார்கழியில் பெண்பிள்ளைகள் முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்ட, தை பிறந்தபின் அங்கே பொங்கலிடும் சிறுவீட்டுப் பொங்கல், பழைய சிற்றில் விளையாட்டின் வழிவந்தது.

விசயதசமி இரவு கொலுவிலிருந்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். பல வீடுகளில் அது மரப்பாச்சிதான். மறுநாள் அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றுவார்கள். செம்மரம் வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடு வந்துவிட்டதால் இப்போது கடையில் கிடைக்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரங்களில் செய்தவை. பழைய செம்மர இணை உள்ள வீடுகளில் அதை விற்பதில்லை, மகளுக்குக் கொடுக்கிறார்கள்.