வானத்தில் எழுதிய விளம்பரம்

கல்வராயன் மலைச்சரிவில் நின்று, பருந்து இறகசைக்காமல் காற்றில் மிதந்து இறங்குவதைக் கண்டவர் எவர்க்கும், தாமும் அவ்வாறு இறங்கவேண்டுமென்ற ஆசை ஒரு க்ஷணமேனும் தோன்றாதிராது. 1797 அக்டோபர் 22-ஆம் தேதி பாரிஸ் நகரத்து மோன்சோ பூங்காவில், பலூனினின்றும் அறுத்துவிட்ட கூடையில் அமர்ந்து, பட்டுத்துணிக் குடையின் துணையால் பூமியை அடைந்த கார்னெரின் என்பவர் அவ்வாசையை ஜனத்திரளின் முன்னே மெய்ப்பித்தார். குடையின் உச்சியில் காற்று வெளியேறத் துவாரமின்மையால் கூடை ஊசலெனப் பயங்கரமாக ஆடிற்று.

நம் தேசத்திற்கு இவ்வித்தையைக் காட்டவந்த ஆங்கிலேயர் பெர்சிவல் ஸ்பென்சரிடம் பயின்ற கல்கத்தாவாசி ராமச்சந்திர சாட்டர்ஜி, தேகப்பயிற்சியில் தேர்ந்தவர். 1889-இல் பலூனேறிப் பறந்து, மறு ஆண்டே பாராசூட்டில் இறங்கி, இத்துறையில் முதல் இந்தியரென்ற கீர்த்தி பெற்றார். அவர் நாமம் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதிருப்பது எனக்கு மெய்யான வருத்தம்.

வேடிக்கையாகத் தொடங்கிய இக்கலையை வியாபாரமும் விரும்பி அழைத்தது. 2008 மே 29 அன்று, ஹோண்டா கம்பெனிக்காகப் பத்தொன்பது வீரர்கள் ஸ்பெயின் தேசத்து வானில் குதித்து, கம்பெனிப் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் உடல்களாலேயே அமைத்ததை, பிரிட்டனின் சேனல் ஃபோர் தொலைக்காட்சி நேரலையாகவே ஒளிபரப்பியது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே, கைகோத்தும் பிரிந்தும் அவர்கள் எழுதிய அவ்வெழுத்துக்களுக்குக் கிட்டிய அவகாசம் சில விநாடிகளே. பிழை நேர்ந்தால் மீண்டும் படமெடுக்க வழியில்லை.