சைக்கிளில் வந்த சண்டை

நம் பள்ளிப் பிள்ளைகள் காலையில் சைக்கிள் மிதித்து வருகிற இந்தச் சடக்கு வழியாகத்தான், 1942ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு பெரிய பட்டாளமும் சைக்கிளில் வந்தது. பரிசு வாங்க வந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரர்கள் கோத்தா பாருவிலும், சயாம் கரையில் சிங்கோரா, பட்டாணியிலும் வந்து இறங்கினார்கள். ஒரு டிவிசனுக்குச் சுமார் 6,000 சைக்கிள் கொண்டு வந்தார்களாம். சண்டைக்கு முன்பே மலாயாவில் ஜப்பான் சைக்கிள் ஏராளமாக விற்பனையாகி இருந்தது. அதனால் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. போதாததற்குப் போகிற வழியில் ஜனங்களின் சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் பாலத்தை உடைத்துவிட்டுப் போனால் இவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிராளிகள் பயந்ததும் உண்டு. 55 நாளில் ஜொகூர் பாரு வரை, சுமார் 1,100 கிலோமீட்டர்!

ஆனால் ஒன்று. சைக்கிள்தான் எல்லாவற்றையும் ஜெயித்தது என்று சிலர் சொல்வது சரியில்லை. கம்பாரில் நாலு நாள் தாக்குப்பிடித்த பட்டாளம் பின்வாங்கியது, கடல் வழியாகத் தெலுக் ஆன்சன் பக்கம் வந்து இறங்கியவர்கள் பின்னால் வளைத்துக்கொள்வார்கள் என்பதால். நம் ஊரில் ஜெயித்ததோ டாங்கி. ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் துரோலாக் பக்கம் சுமார் முப்பது டாங்கிகள் புகுந்தன. பெரிய சடக்கை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுச் சடக்குகள் கித்தா மரங்களுக்குள் கிடந்தன. அதற்குள் நுழைந்து காவலைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். பஞ்சாபி, கூர்க்கா, ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள், எத்தனையோ பேர் கித்தாக் காட்டுக்குள் சிதறி ஓடினார்கள். நாலே நாளில், 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

என் பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவர் அப்பா பால்வெட்டுக்காரர். நாலு வருசம் காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருந்தார். டயரைக் கழற்றிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று முதலில் நினைத்தாராம். ரிம்மிலேயே ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அதை அக்கக்காகக் கழற்றி, சாக்கில் சுற்றி, கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்துவிட்டார். சைக்கிள் தப்பியது.

1943இல் அவரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் போனார்கள். ஜப்பான்காரர்கள் போன பிறகு, 1945இல், பாட்டியின் அண்ணன் அந்தச் சாக்கைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு சாமானாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டி, அப்பா வந்தால் ஏறிப் போகட்டும் என்று லயத்து வாசலில் சாய்த்து வைத்தாராம். ரொம்ப நாள் அது அங்கேயேதான் நின்றது என்பார் பாட்டி.