சாணைக்கல்லில் இருந்த சூட்சுமம்

ஆண்கள் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளத் தொடங்கியது ஜில்லெட்டுக்குப் பிறகுதான் என்று பலரும் நம்புகிறார்கள். 1901இல் பாஸ்டனில் கிங் ஜில்லெட் நிறுவனம் தொடங்கினார், பிளேடு வந்தது, நாவிதரின் நாற்காலி காலியானது என்பது அந்தக் கதை. ஆனால் அதற்கு 130 ஆண்டுகளுக்கும் முன்னால், 1769இல், ழான்-ழாக் பெர்ரே என்ற பாரிஸ் கத்திக் கொல்லர், தானே சவரம் செய்துகொள்ளக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வெளியிட்டுவிட்டார். அதன் நீண்ட தலைப்பே நமக்கு நல்ல சான்று. சவரம் கற்கும் கலை என்று தொடங்கும் தலைப்பு, கருவி தீட்டும் கற்களை இனங்காண்பது, கத்தி தீட்டும் தோலைப் பதப்படுத்துவது என்று வளர்ந்து, ரத்தம் குத்தி எடுப்பது பற்றிய குறிப்பில் போய் நிற்கிறது. ரத்தம் வந்ததில் வியப்பில்லை. பிரான்ஸில் நாவிதத்தையும் அறுவை மருத்துவத்தையும் அரசு பிரித்தது 1743இல்தான். கவனிக்க வேண்டியவை நடுவில் இருக்கும் கல்லும் தோலும். மடக்குக் கத்தியில் சவரம் பழகுவதென்றால் பெரும்பாலும் தீட்டப் பழகுவதுதான். நாவிதரை விட்டு மக்கள் விலக முடியாமல் இருந்ததற்கு அவருடைய கைலாவகத்தைவிட அவருடைய சாணைக்கல்லே பெரிய காரணம் என்பேன்.

முகத்தில் கத்தி ஓட்டும் விதிகள் கொஞ்சம்தான். வெந்நீரில் மயிரை ஊறவிட்டு, நுரை பூசி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய 30 பாகை சாய்த்து, மயிர் படிந்த திசையிலேயே இழுக்க வேண்டும். பயம் தெளிந்தால் கை பழகிவிடும். தீட்டுவது அப்படியல்ல. கல்லில் படுக்கவைக்கும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். கூரின் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் தடிமன்தான், அதைத் தூக்கிவிட்டால் கோணமே மாறிவிடும். கல்லில் வாய் முன்னே போகும், தோல்வாரிலோ முதுகு முன்னே போக வேண்டும். திசை மறந்து ஒரே ஒரு முறை இழுத்தாலும் வாரும் கிழியும், கூரும் கெடும். வாரின் கோடியில் கத்தியைத் திருப்பும்போதுகூட முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். எஃகு சரியில்லையென்றால் இத்தனையும் வீண். இரும்பைக் கரியோடு பெட்டியில் அடைத்துச் சுட்ட பழைய எஃகில் கரி ஒரே சீராக ஏறாது. அதனால் கூரும் ஒரே சீராக நிற்காது. 1740களில் ஷெஃபீல்டு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் எஃகை மண் மூசையில் உருக்கி வார்த்த பிறகு அந்தக் குறை நீங்கியது. மூசையில் உருக்கு காய்ச்சுவது தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுப் பழைய வேலை. அந்த உருக்கை ஆராயப் புகுந்த லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் 1820 வாக்கில் பலவகை எஃகுக் கலவைகள் செய்து பார்த்தார்கள். அப்படிச் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார் என்பது உபரித் தகவல்.

லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1664 ஜனவரியிலேயே தானே மழித்துக்கொள்ளத் தொடங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாரே, அப்போது இந்த எஃகும் புத்தகமும் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காசும் நேரமும் மிச்சமாகிறது என்று மகிழ்ந்த அதே பீப்ஸ் பிறகும் நாவிதரிடம் போகத்தான் செய்தார். தனிமனிதர் ஒருவரின் முயற்சி வேறு, பலருக்கும் கைவந்த வழக்கம் வேறு. புத்தகம் பார்த்துப் பழகுவது பணக்காரர் பொழுதுபோக்குதானே என்பது அடுத்த ஆட்சேபம். பெரும் பணக்காரருக்கு மழித்துவிட வேலையாள் இருந்தான்; அவருக்கு இந்தப் புத்தகம் எதற்கு? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் ஏழை இளைஞனைத்தான் நினைக்கிறார். அவனுக்கு ஆயிரம் கினி கொடுப்பதைவிட, தானே மழிக்கவும் கத்தியைப் பழுதின்றி வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தால் அவன் வாழ்வில் சந்தோஷம் கூடும் என்பது அவர் கருத்து. காத்துக்கிடப்பது, அழுக்கு விரல், வாய்நாற்றம், மொண்ணைக் கத்தி என்று நாவிதர்மேல் அவர் அடுக்கும் புகார்கள் ஒருதலைப்பட்சமானவை. நாவிதர் தரப்பை எழுதிவைக்க ஆளில்லை. ஆனாலும் மழிப்பதோடு கத்தியைப் பேணுவதையும் அவர் சேர்த்தே சொன்னார் என்பதைத் தள்ளிவிட முடியாது.

தீட்டுவதே உண்மையான தடை என்பதற்கு இன்னும் வலுவான ஆதாரம் பெர்ரேயிடமே இருக்கிறது. வெட்டிக்கொள்வோம் என்ற பயத்தைப் போக்க, தச்சரின் இழைப்புளியைப் போல வாய் மட்டும் சிறிதே வெளியே தெரியும்படி கத்திக்கு மரக் காப்பு ஒன்றும் அவர் செய்தார். பயம்தான் தடை என்றால் அது ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்க வேண்டும், பரவவில்லை. 1880இல் நியூயார்க்கில் கேம்ஃப் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ரேசரும் பாதுகாப்பானதே. ஆனால் அதன் குட்டையான கத்தியையும் எடுத்து வாரில் தீட்டியாக வேண்டும். அது விற்றது, ஆனால் மடக்குக் கத்தியை ஒழிக்கவில்லை. ஜில்லெட்டின் மெல்லிய தகடுக்குத் தீட்டும் வேலையே கிடையாது. 1903இல் 51 ரேசர்கள் மட்டுமே விற்ற அந்நிறுவனத்திடம் முதல் உலகப்போரின்போது அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 லட்சம் வாங்கியது. ஜில்லெட்டின் பழைய பிளேடு உறைகளில் அச்சாகியிருந்த வாசகம் வெட்டுக்காயத்தைப் பற்றிப் பேசவில்லை: வாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்பதே அது.