புறம்போக்கும் பாடும்: எண்ணூர்க் கழிமுகம் குறித்துச் சில எண்ணங்கள்

சில வருஷங்களுக்கு முன் திருவொற்றியூரில் தோழர்கள் கூட்டிய சிறு கூட்டம் ஒன்றில் பொதுவளங்கள் பற்றி நான் ஒரு கட்டுரை வாசித்தேன். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் கைக்கொண்டிருக்கும் பாடு முறையை, தனியுடைமைக்கு மாற்றான சமத்துவ ஏற்பாடு என்று அதில் எழுதியிருந்தேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். இருளர் குடியிருப்பிலிருந்து வந்திருந்தவர். "பாடு பாடுன்னு சொன்னீங்களே சார், அதுல எங்களுக்கு என்னிக்கு மொற வரும்?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கட்டுரையை அதற்குப் பிறகு எங்கும் வெளியிடவில்லை. இப்போது எழுதுவது அதன் திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொருளாதாரப் பாடநூல்களில் பொதுப்பண்டத்துக்கு உதாரணம் கேட்டால் வந்து நிற்பது கலங்கரை விளக்கம். ஒரு கப்பல் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததால் இன்னொரு கப்பலுக்கு வெளிச்சம் குறைந்துபோவதில்லை. காசு கொடுக்காதவன் கண்ணை மூடவும் முடியாது. எனவே சந்தை இதைத் தராது, அரசுதான் தரவேண்டும் என்பது வாதம். 1954இல் பால் சாமுவெல்சன் பொதுப்பண்டம் பற்றிய இந்த வரையறையைக் கணிதமாக்கினார். 1974இல் ரொனால்ட் கோஸ், இங்கிலாந்தில் பல விளக்குகளைத் தனியார்களே கட்டித் துறைமுகத்தில் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள் என்று பழைய ஆவணங்களைக் காட்டி அந்த உதாரணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். சென்னைக்கும் ஒரு விளக்கு வரலாறு உண்டு. 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டட மாடியில் ஏற்றியது, 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்துத் தூணுக்குப் போனது, 1894இல் நீதிமன்றக் கோபுரத்துக்கே ஏறியது, 1977இல் மெரினாவுக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு யாருக்கும் குறையவில்லை, சரி. ஆனால் விளக்கோடு கூட வந்த துறைமுகம்? அது யாருக்குக் குறைந்தது என்பதைப் பாடநூல் கேட்பதில்லை.

ராயபுரத்தில் எங்கள் பெரியப்பா சொல்வார்: "மெரினாவுல காத்து வாங்கப் போறியா? போ, போ. அது நம்ம மணலுதான்டா." சின்ன வயசில் அது கிண்டலாகப் பட்டது. பிறகுதான் தெரிந்தது, நீரியல் ரீதியாகவே அது சரி என்று. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவ மாதங்களில் திசை மாறினாலும் நிகரக் கணக்கு வடக்குக்குத்தான். 1870களின் பிற்பாதியில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அலை அடித்துக்கொண்டிருந்த இடம் அகன்ற வெண்மணலாயிற்று. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது. இன்று எண்ணூர் விரைவுச்சாலையில் பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது கடற்கரையை அல்ல, கொட்டிவைத்த கருங்கல்லை. கட்டுமரத்தை இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் இருந்த மணல், நகரத்தின் இன்னொரு முனையில் எல்லோருக்குமான பொழுதுபோக்கு வெளியாக மாறியது. மெரினா பொதுவிடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பொதுவைப் படைத்தபோது வேறொரு பொது காணாமல் போனது, அதற்கு எந்தப் புத்தகத்திலும் பற்று எழுதப்படவில்லை என்பதுதான் விஷயம்.

பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இல், ஒரு தொழிலின் விலைக்குள் வராமல் வெளியே பிறர் தலையில் விழும் செலவை ஆராய்ந்தார். தமிழில் இதைப் புறவிளைவு என்கிறோம். இந்தப் 'புறம்' என்ற சொல்லை நம் வருவாய்த்துறை இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறது: புறம்போக்கு. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு ஆளைப் பிடித்து வரி போட்ட காலனிய அரசு, வரி போட முடியாமல் எஞ்சியவற்றுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தியது. ஆறு, ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு, கழிமுகம். ஊரின் உயிர்ப்பு எங்கே இருந்ததோ அதெல்லாம் கணக்குக்குப் புறம்பானது. அப்புறம் அந்தச் சொல் வசவாகிவிட்டது. உருப்படாதவனைப் புறம்போக்கு என்று திட்டுகிறோம். 2017 தொடக்கத்தில் எண்ணூரை முன்வைத்து, கபேர் வாசுகி எழுத டி. எம். கிருஷ்ணா பாடிய பாடல் இந்த வசவைத் திருப்பிப் போட முயன்றது. சபா சங்கீதம் சாம்பல் மேட்டில் நின்றதைப் பற்றி நிறையப் பேசினார்கள். புறம்போக்கு என்ற சொல்லின் வருவாய்த்துறை அர்த்தத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

அந்த அர்த்தம்தான் எண்ணூரின் கதை. பட்டா நிலத்தை எடுக்க வேண்டுமானால் அரசு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விலை நிர்ணயிக்க வேண்டும், வழக்கைச் சந்திக்க வேண்டும். புறம்போக்கு என்றால் ஒரு இலாகாவிலிருந்து இன்னொரு இலாகாவுக்குக் கோப்பு நகர்ந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்தவருக்குத் தன் உரிமையைக் காட்ட ஒரு காகிதம் கிடையாது. காகிதம் இல்லாததால் இழப்பும் இல்லை. நிலக்கரிச் சாம்பலைக் கொட்ட இதைவிட மலிவான இடம் எங்கே கிடைக்கும்? 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது (2017இல் மூடினார்கள்). 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். அப்புறம் வல்லூர். சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் கொசஸ்தலையாற்றின் மேலேயே ஓடின, ஒழுகின. ஆழமாக இருந்த இடத்தில் இடுப்பளவு, இடுப்பளவு இருந்த இடத்தில் முழங்கால்.

இங்கே 2011ஐச் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்குவதால் வடசென்னையில் தூசு படிகிறது என்ற வழக்கில், அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அவற்றை அங்கே கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்காரனாக அதை நானும் வரவேற்றவன்தான். கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும் தெரு எங்களுடையது. ஆனால் நிலக்கரி ஆவியாகிப் போய்விடவில்லை. எண்ணூருக்குப் போயிற்று. எங்கள் தெருவின் சுத்தக் காற்று ஒரு பொதுப்பண்டம் என்றால், அதன் புறவிளைவு பதினைந்து இருபது கிலோமீட்டர் வடக்கே இறங்கியது. 1880களில் மணல் விஷயத்தில் நாங்கள் இழந்த தரப்பு. 2011இல் நாங்கள் மெரினாவாகிவிட்டோம். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தயாரித்து 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடம் எண்ணூரில் சுமார் 6,500 ஏக்கரைக் கழிமுகமாக, கட்டடம் எழுப்பக் கூடாத இடமாகக் காட்டியது. அதே வருஷக் கடைசியில் கமல்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம், ஆறு கடல் போன்றவற்றுக்கு அரசு உடைமையாளர் அல்ல, மக்களின் சார்பில் பொறுப்பாளர் மட்டுமே என்ற கோட்பாட்டை ஏற்றது. ஆனால் 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குக் கிடைத்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, படத்தில் அது தரை. ஓர் ஆற்றை இல்லாமலாக்க மண் கொட்ட வேண்டியதுகூட இல்லை, பென்சில் போதும். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் வழக்கில் கழிமுகத்தைச் சீரமைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது வரை இந்தச் சண்டையை நடத்தியவர்கள் காட்டுக்குப்பம் முதலான குப்பங்களின் மீனவர்களும் அவர்களோடு நின்ற சில சூழலியலாளர்களும்தான்.

இனி பாடு. 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் லாபத்துக்காக ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவான், கடைசியில் எல்லோருக்கும் நாசம் என்றது. முடிவு: ஒன்று தனியுடைமை ஆக்கு, இல்லை அரசிடம் கொடு. நம் அதிகாரிகளுக்கு இது தேவவாக்கு. ஹார்டினின் மேய்ச்சல் நிலத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ஹார்டினே 1994இல், நிர்வகிக்கப்படாத பொதுவெளியைத்தான் தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இறங்கிவந்தார். அதற்கு நான்கு வருஷம் முன்பே எலினோர் ஆஸ்ட்ரம் தன் புத்தகத்தில் ஊர்கள் தாமே விதி செய்து காத்துவந்த வளங்களைத் தொகுத்துவிட்டார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் சொல்லும் உதாரணங்களில் துருக்கியின் அலான்யா மீனவர்கள் வருகிறார்கள். மீன்பிடி இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியலிட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி, தினம் ஒரு இடம் நகர்ந்து நகர்ந்து, எல்லோருக்கும் நல்ல இடமும் மோசமான இடமும் மாறி மாறிக் கிடைக்கும்படி செய்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஏனென்றால் இதுதான் பாடு! கழிமுகத்தில் இறால் ஓடும் தடங்களில் வலை கட்டும் இடங்கள் பாடு எனப்படும். தலைக்கட்டுக் கணக்கில் ஊர்ப் பஞ்சாயத்து முறை வைக்கும். இன்று உன் முறை என்றால் நாளை என் முறை. மீறினால் தண்டம். "பாடு" என்ற சொல்லில் இடமும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, துன்பமும் இருக்கிறது. அவன் பாடு, என் பாடு, படாத பாடு. இதை வைத்து நான் அன்றைக்குக் கட்டுரையில் இரண்டு பக்கம் உருகியிருந்தேன்.

தலைக்கட்டு யார் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. பட்டினவர் சாதியில் பிறந்த, கல்யாணமான ஆண். பெண்ணுக்குத் தலை இல்லை. இருளருக்கும் தலித்துகளுக்கும் இல்லை. ஆஸ்ட்ரம் சொன்ன நிபந்தனைகளில் முதலாவது, யார் உள்ளே யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. அலான்யாவில் அது உரிமம் பெற்றவர் பட்டியல். நம் ஊரில் எல்லை போட ஏற்கனவே ஒரு கருவி தயாராக இருக்கிறது. அதற்குப் பெயர் சாதி. இருளர் கழிமுகத்தில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். அந்தத் தொழிலுக்குப் பாட்டில் இடம் கிடையாது. வருவாய்த்துறைக்குக் கழிமுகம் புறம்போக்கு என்றால், பாட்டுக்கு இருளர் புறம்போக்கு.

இதைச் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும் என்று எனக்குத் தெரியும். "துறைமுகத்துக்காரன் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில சாதியப் பேசி ஒத்துமையக் குலைக்கிறீங்களே" என்பார் ஒரு தோழர். "பார்த்தீங்களா, உங்க பொதுவளமே ஆதிக்கம்தான், அதனால கம்பெனிக்குக் கொடுத்தா என்ன?" என்பார் நவீனர். இரண்டாமவருக்குப் பதில் சுலபம். சாம்பல் வந்தபோது முதலில் தீர்ந்துபோனது பாடு அல்ல, கரையோரச் சேறு. தடவிப் பிடிப்பவர்தான் முதலில் இழந்தார். மேல்சாதிக் குளத்தை இடிப்பதற்கும் குளத்தில் விஷம் கலப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

முதலாமவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கழிமுகம் பொது என்று வழக்காடும்போது அந்தப் பொதுவுக்கு நாம் காட்டும் ஆதாரம் பாடு. நீதிமன்றம் கேட்கும் 'பாரம்பரிய உரிமை'க்கு அதுதான் சாட்சி. ஆக, மின்நிலையத்தை எதிர்த்து நாம் ஜெயிக்க ஜெயிக்க, பாட்டின் எல்லைக்கோடும் காகிதத்தில் ஏறிக் கெட்டிப்படும். எழுதப்படாத வழக்கத்திலாவது நெகிழ்வு உண்டு. எழுதியாகிவிட்டால் இருளர் வெளியே இருப்பதற்கு அரசு முத்திரையே கிடைத்துவிடும். இதற்கு எனக்குச் சரியான தீர்வு தெரியாது. ஆனால் இப்போது பேசவேண்டாம், ஜெயித்த பிறகு பேசலாம் என்பதை ஏற்க முடியவில்லை. ஜெயித்த பிறகு பேசலாம் என்று யாரிடமெல்லாம் நாம் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது செய்ததைப் போலவே இந்த முறையும் மக்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். சுத்தம் செய்தலும் ஒரு பொதுப்பண்டம்தான். கூலிக்கு ஓசியில் அள்ள ஆள் எப்போதும் வடசென்னையில் கிடைக்கிறார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000. படகை எண்ணலாம். கையை எப்படி எண்ணுவது?

அதற்குப் பிறகு எண்ணூரில் நண்பர்கள் சிலர் கழிமுகத்தின் வரைபடத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாடு இடங்களை ஒவ்வொன்றாகப் பெயரோடு குறித்திருந்தார்கள். அழகான வேலை. தடவும் இடங்களையும் குறிக்கலாமே என்றேன். அங்கிருந்த ஊர்ப் பெரியவர் கோபப்படவில்லை, யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: "அவங்க எல்லா எடத்துலயும் தானே தடவுறாங்க, எதைன்னு குறிக்கிறது?"

டீக்கடையில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் வாசலில் உட்கார்ந்தபடியே விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் இருந்தது, இன்ன மாதத்தில் இன்ன இறால் என்ற கணக்கும் இருந்தது. சில இடங்கள் வந்தபோது, "அது இப்ப சாம்பலுக்கு அடியில, அதையும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன்.