துருத்தியில் பறந்த விமானம்



போன பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. என் மகன் அதில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து மஸ்டாங் விமானத்தை எடுத்தான். ஓடுபாதையில் வேகம் கொடுத்ததும் அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் குப்புற விழுந்தது. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் இடப்பக்கம். "அப்பா, இந்தக் கைப்பிடி கெட்டுப் போச்சு" என்றான். திருகாணியைக் கழற்றித் தூசி தட்டினோம். வயரை வேறு துளையில் செருகிப் பார்த்தோம். இரண்டு நாள் போனதுதான் மிச்சம். விமானம் பிடிவாதமாக இடப்பக்கமே போனது.

அது என்ன கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன். தரையில் உட்கார்ந்துகொண்டே பறக்கப் பழகும் இந்த வித்தை எங்கே பிறந்தது என்பதை முதலில் கேளுங்கள். விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதன் சரித்திரத்தில் செத்தவர்களும் இருக்கிறார்கள், பிழைத்தவர்களும் இருக்கிறார்கள்.

1910 வாக்கில் பிரான்சு நாட்டில் அந்துவானெத் என்ற விமானத்தை ஓட்டப் பழகுகிறவர்களுக்காக ஒரு பீப்பாய் தயாரானது. பாதிப் பீப்பாய் மேல் இன்னொரு பாதிப் பீப்பாய். அதன் மேல் பழகுகிறவர் உட்காருவார். கீழே நிற்கிறவர்கள் கையால் ஆட்டுவார்கள். அவர் சக்கரத்தைத் திருப்பிச் சமாளித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இதை உருப்படியான கருவியாக்கியவர் ஒரு வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் ஊரில், எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன் மாதிரி. நம் பள்ளி விழாவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒரு கையால் துருத்தியை அமுக்குகிறாரே, அந்தத் துருத்தியும் காற்றும்தான் அதற்கும் உயிர். தானாகவே வாசிக்கும் பியானோக்களும் அங்கே தயாராயின. அவற்றில் காற்றை உள்ளே உறிஞ்சும் துருத்திகள் இருக்கும்.

லிங்க் 1904-இல் பிறந்தவர். பதினாறு வயதில், 1920-இல், முதல் முறையாக விமானப் பாடத்துக்குப் போனார். கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவ்வளவு கொடுத்தும் ஆசிரியர் அவரை விமானத்தின் பிடியைத் தொடவே விடவில்லையாம்! ஏழைப் பிள்ளை பறக்கப் பழக வழியே இல்லையா என்ற எண்ணம் அவருக்கு அப்புறம் விடவில்லை. 1927-இல் தொழிற்சாலையின் நிலவறையில் வேலையைத் தொடங்கி, ஒன்றரை வருடம் பாடுபட்டு, 1929-இல் ஒரு பெட்டியைச் செய்து முடித்தார். பலகையில் செய்த குட்டி விமானம். கட்டை இறக்கை, கட்டை வால். அடியில் ஆர்கன் துருத்திகள். பிடியை இடப்பக்கம் தள்ளினால் ஒரு துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு அது சுருங்கும், எதிர்ப்பக்கத் துருத்தி விரியும், பெட்டி சாயும்.

யாரும் சீந்தவில்லை. விமானப் பள்ளிகளும் வாங்கவில்லை, இராணுவமும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் யார் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்காரர்கள். இன்று பேரங்காடி வாசலில் காசு போட்டால் ஆடும் குதிரை நிற்கிறதே, அந்த மாதிரி அங்கே இந்தப் பெட்டி நின்றது. மனிதருக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!

பிறகு வந்தது 1934-ஆம் வருடம். அமெரிக்க அதிபர் ரூசுவெல்ட், தபால் சுமந்த தனியார் விமானக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை முறைகேட்டுப் புகாரின் பேரில் பிப்ரவரியில் ரத்து செய்து, தபாலை இராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர், இராத்திரி, பனிமூட்டம். அந்த இளைஞர்கள் பகல் வெளிச்சத்தில் தரையைப் பார்த்து ஓட்டப் பழகியவர்கள். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் விழுந்து மாண்டார்கள்.

ஏன் விழுந்தார்கள்? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் காதுக்குள்ளே நீர் நிறைந்த மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்பினால் அந்த நீர் அசைந்து மூளைக்குச் சேதி சொல்லும். ஆனால் திரும்பிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே சுற்றி அடங்கிவிடும். நேராக இருப்பதாகவே தோன்றும். மேகத்துக்குள் போன விமானி தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுவார். நேராக்கினாலோ, எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு சொல்லும். உடனே பழைய சாய்வுக்கே திருப்புவார். விமானம் சுழன்று சுழன்று கீழே இறங்கும். கண்ணைக் கட்டி நம்மைத் தட்டாமாலை சுற்றவிட்டால் என்ன ஆகும்? அதேதான். கருவியின் முள் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. உடம்பை நம்பினவர் செத்தார்.

அப்போதுதான் இராணுவத்துக்கு லிங்கின் நினைவு வந்தது. அவரைச் சந்திக்க அதிகாரிகள் நியூவார்க் விமானத்தளத்தில் காத்திருந்தார்கள். அன்று கண் தெரியாத பனிமூட்டம். இவர் எங்கே வரப் போகிறார் என்று கிளம்ப இருந்தார்கள். அந்த மூட்டத்துக்குள்ளிருந்தே லிங்க் முள்ளைப் பார்த்து விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வேறு சிபாரிசு வேண்டுமா? 1934 ஜூன் மாதம் ஆறு பெட்டிகள், ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கப்பட்டன.

அந்தப் பெட்டியில் வானமும் இல்லை, மலையும் இல்லை. மேல் மூடியைச் சாத்தினால் ஒரே இருட்டு. எதிரே முள் ஆடும் கருவிகள் மட்டும். இன்றைய கணினிப் படத்தோடு வைத்துப் பார்த்தால் இதுவா நிஜம் என்று சிரிப்பு வரும். ஆனால் மேகத்துக்குள் போன விமானிக்கும் அந்த முட்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால், ஒரு படம்கூட இல்லாத அந்தப் பெட்டிதான் அவருக்கு முழு நிஜம் என்பேன். ஆளைக் கொல்வது எதுவோ அதை மட்டும் பொறுக்கி உள்ளே வைத்தார் லிங்க். பின்னால் வந்த பெட்டிகளில் காற்றுக் குலுக்கலைக்கூட வரவழைத்தார்கள்.

வெளியே மேசையில் ஆசிரியர் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருப்பார். மேசை மேல் மூன்று சக்கர வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து, பழகுகிறவர் போன வழியை மையால் கோடு கிழித்துக்கொண்டே போகும். அதற்குச் செல்லப் பெயர் நண்டு. இந்த நண்டு பெரிய நீதிபதி! "பெட்டி தானாகச் சாயுது, சார்" என்று உள்ளேயிருப்பவர் குறை சொல்லலாம். உண்மையிலேயே துருத்தித் துணியில் ஓட்டை விழுந்தாலும், காற்றுக் குழாய் கழன்றாலும் பெட்டி சாயத்தான் செய்யும். அதைப் பழுது பார்ப்பவர் துருத்தி துருத்தியாகத் தேட வேண்டும். ஆனால் நல்ல பெட்டியிலும் உள்ளேயிருப்பவரின் கைதான் சாய்த்திருக்கும்; அவருக்குத் தெரியாது. கோடு காட்டிவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள் தயாராகி, ஐந்து லட்சம் விமானப் படையினருக்கு மேல் அதில் பழகினார்கள். அமெரிக்கக் கடற்படையில் இந்தப் பெட்டிக்கு ஆசிரியர்களாக இருந்தவர்களில் நிறையப் பேர் இளம் பெண்கள். நம் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பெட்டிக்குக் கட்சி கிடையாது. போருக்கு முன்பே ஜப்பானியக் கடற்படையும் அதை விலை கொடுத்து வாங்கியிருந்தது. அந்தக் கடற்படையின் விமானங்கள்தான் 1941 டிசம்பர் 10-ஆம் நாள் நம் குவாந்தான் கடலுக்கு அப்பால் இரண்டு பெரிய ஆங்கிலப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. அந்தச் செய்தி கேட்டு நடுங்கிய தாத்தா பாட்டிகள் நம் குடும்பங்களில் இருந்தார்கள்.

பறக்கப் பழகுவதற்கு அடுத்தது சுடப் பழகுவது. பிரெட் வாலர் என்பவர் வளைந்த திரையில் ஐந்து படக்கருவிகளால் எதிரி விமானங்களைப் பறக்கவிட்டுச் சுடுவோருக்குப் பயிற்சி கொடுத்தார். அதுவே 1952-இல் சினெராமா என்ற அகலத்திரைப் படமானது. 1944-இல் அமெரிக்கக் கடற்படை புது மாதிரியான பயிற்சிப் பெட்டி ஒன்றைக் கேட்க, அதற்கென்று தொடங்கிய வேலை கடைசியில் வேர்ல்விண்ட் என்ற புகழ்பெற்ற கணினியாக முடிந்தது. பெட்டியைக் கேட்டவர்களுக்குப் பெட்டி கிடைக்கவில்லை. உலகத்துக்குக் கணினி கிடைத்தது!

அந்தக் கணினி சுருங்கிச் சுருங்கி வீட்டு மேசைக்கு வந்ததும் விமானமும் கூடவே வந்தது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1980 வாக்கில் வெளியிட்ட விளையாட்டில் கோடுகளால் வரைந்த நிலமும், முதலாம் உலகப் போர்ச் சண்டையும் இருந்தன. 1998-இல் வந்தது ஃபால்கன் 4.0. எஃப்-16 போர் விமானம், கொரியா நாட்டுப் போர்க்களம், கூடவே நம் அகராதி மாதிரி தடித்த கையேடு. ஆனால் அவசரமாக வெளிவந்ததால் அது அடிக்கடி பாதியில் நின்றுபோகும். செய்த குழுவும் அடுத்த வருடமே கலைந்தது. 2000-இல் அதன் மூல நிரல் களவாக வெளியே கசிந்தது. கசியவிட்டது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. பல நாட்டு ஆர்வலர்கள் கூலி வாங்காமல், வேலை முடிந்த இரவுகளில், இருபது வருடத்துக்கு மேலாக அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? ரேடாரில் எதிரி விமானம் மறைந்தால், அது நிரலின் கோளாறா, இல்லை நிஜ ரேடாரே அப்படித்தானா என்று தீர்மானிப்பதுதான். நிஜத்தைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிட்டால், பிறகு விளையாட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டு வழக்கும் அதுதான். கைப்பிடியில் ஒரு பழுதும் இல்லை. என் மகன் பெருமைக்காக உதவி வசதிகளை எல்லாம் அணைத்து, முழு நிஜம் என்று வைத்திருந்தான். மஸ்டாங் விமானத்தின் முன்விசிறி வலப்பக்கம் சுற்றுவதால், வேகம் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அந்தக் காலத்து விமானி வலது காலால் மிதித்து அதைச் சமாளித்தார். வேகத்தையும் மெல்ல மெல்லத்தான் கொடுத்தார். பழைய கையேட்டில் படித்துவிட்டு அவனிடம் சொன்னேன்.

காலால் மிதிக்க எங்களிடம் மிதிகட்டை இல்லை. கைப்பிடியையே லேசாகத் திருகிப் பிடித்தான். விமானம் நடுக்கோட்டிலேயே ஓடி அழகாக எழும்பியது. வீடே கை தட்டியது. இரண்டு நிமிடம் கழித்து மேகத்துக்குள் நுழைந்தான். வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியவில்லை. வெளியே வரும்போது நிலம் தலைக்கு மேலே இருந்தது.

"அப்பா, நான் நேராத்தானே போனேன்!" என்றான்.

"முள்ளைப் பார்த்தியாடா?" என்று கேட்டேன்.